திருப்பி அனுப்பிய பாட்டில்கள்

நான்கு கோப்பைகளை வரிசையாக வைத்து, இவற்றில் எதை விருந்தாளியின் மேசைக்குக் கொண்டுபோவீர்கள், எதை வேண்டாம் என்று ஒதுக்குவீர்கள் என்று கேட்டார்கள். மூன்றை ஒதுக்கினேன். ஒன்றைக் கையில் தூக்கி, இதுதான் உயர்ந்தது என்றேன். அந்த அறையில் இருந்த இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். ஒருவன் சிரிப்பை அடக்கப் பார்த்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

அந்த முதுகை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் எரிச்சலில் முன்னும் பின்னுமாகச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ஆகவே முதலிலிருந்து வருகிறேன்.

எங்கள் உணவகம், எங்கள் உணவகம் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தது அக்கா புருஷனுடைய உணவகத்தை. மாமா முதலாளி; வீடும் அதே கட்டிடத்தில்தான். அக்கா காசு மேசையில் உட்காருவாள். சாப்பிட வருகிறவர்களை நான் கவனிப்பேன். என் கல்யாணம் முறிந்தபோது அக்காதான் நேரில் வந்து, என் பெட்டியைத் தன் கையால் தூக்கிக்கொண்டு என்னை அழைத்துவந்தாள். அந்த நன்றியை நான் மறக்கவில்லை, மறுக்கவும் இல்லை. ஆனால் வந்த நாள் முதல் என் கட்டில் கிடப்பது மேசைவிரிப்புகளுக்கு இஸ்திரி போடும் அறையில். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. விரிப்பு எடுக்க வருகிறவர்கள் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வரலாமே என்று யாருக்கும் தோன்றியதில்லை. ஒருமுறை நான் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது சமையல்காரர் உள்ளே வந்துவிட்டார். "ஐயோ, தெரியாம வந்துட்டேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டே அலமாரியைத் தடவி, விரிப்பையும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

தாழ்ப்பாள் வைத்துக் கொடுங்கள் என்று அக்காவிடம் கேட்டேன். "நம்ம வீட்டுக்குள்ள எதுக்குடி தாழ்ப்பாள்?" என்றாள்.

இந்த நிலையில்தான் எங்கள் உணவகத்தில் வைன் பரிமாற அனுமதி கிடைத்தது. சரக்கு கொண்டுவந்து கொடுக்கும் கம்பெனி, உணவக முதலாளிகளுக்கு ஒரு வகுப்பு நடத்தியது. மாமா அதற்குப் போய்விட்டு, சட்டைப் பையின்மேல் ஒரு திராட்சைக் கொத்துச் சின்னத்தைக் குத்திக்கொண்டு திரும்பி வந்தார். அன்றையிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. பாட்டிலைத் திறக்கும்போது கையில் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்து நிற்பார். புது மாப்பிள்ளை தோற்றான்.

"எனக்கும் கத்துக் கொடுங்க மாமா" என்றேன்.

"தாராளமா. ஆனா வைன்ங்கறது அவசரப்பட்டா வராது. அதுக்கு மூக்கு வேணும்."

"மூக்கு இருக்கே மாமா."

"எல்லாருக்கும்தான் இருக்கு. சளி பிடிக்கறதுக்கு."

ஆரம்பத்தில் நான் செய்த தப்புகளுக்கு நானே பொறுப்பு, அவற்றை யார் தலையிலும் போடமாட்டேன். பாலை ஊற்றுவதுபோலக் கோப்பையின் விளிம்புவரை ஊற்றினேன். சிவப்பு வைன் சில்லென்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஐஸ் பெட்டியில் வைத்து மறந்துபோனேன். மறுநாள் வைன் உறைந்து, பாட்டிலை அடைத்திருந்த கார்க் தானாக வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கார்க் எடுக்கும் திருகியைக் கோணலாக ஏற்றிக் கார்க்கைப் பாதியில் உடைத்து, மீதியை உள்ளே தள்ளிவிட்டு, மிதக்கும் தூளைத் தேநீர் வடிகட்டியில் வடித்தேன். நுரைக்கும் வைனைத் திறக்கும்போது பாட்டிலை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தேன். நல்லவேளை, கடைசி நொடியில் கை நடுங்கியதால் என் கண் தப்பியது, கூரை விளக்கு போனது. மாமா அந்த விளக்கை மூன்று மாதம் மாற்றவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம் மேலே கை காட்டி, "எங்க வீட்டு நிபுணர் சுட்டது" என்று சொல்லிச் சிரிப்பார். சரி, சிரிக்கட்டும். அது என் தப்பு.

நான் சொல்லவந்த தப்பு வேறு.

மாமா பாட்டில்களை அடுப்புச் சுவரை ஒட்டிய பலகையில், தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படி நிமிர்த்தி அடுக்கியிருந்தார். சரக்குக் கம்பெனி ஆள் வரும்போதெல்லாம், "சார், இதைப் படுக்க வைக்கணும், சூட்டுல வைக்கவே கூடாது" என்று கெஞ்சுவான். "படுத்துக் கிடந்தா பாக்கறவன் எப்படிப்பா கேப்பான்?" என்பார் மாமா. கெட்டுப்போன பாட்டில் வந்தால் திருப்பிக் கொடுங்கள், வேறு தருகிறோம் என்றும் அவன் சொல்வான். "எங்க கிட்ட கெட்டதே கிடையாது" என்று மாமா அவன் தோளைத் தட்டி அனுப்பிவிடுவார்.

முதல் பாட்டிலைத் திருப்பி அனுப்பியவர் பல் டாக்டர். நான்காம் மேசையில் வழக்கமாக உட்காருகிறவர், அதிர்ந்து பேசாத மனிதர். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது சரியில்லைங்க, வேற தாங்க" என்றார். மாமா குனிந்து வணங்கி, வேறு பாட்டில் திறந்து கொடுத்துவிட்டு, ஒதுக்கியதைச் சமையலறைக்குள் கொண்டுவந்தார். கதவு மூடியதுதான் தாமதம், முகம் வைன் நிறத்துக்கு மாறியது.

"பல்லுல ஓட்டை போடறவனுக்கு இதைப் பத்தி என்ன தெரியும்? மகாராஜா மாதிரி வேண்டாம்கறான். இந்தா, நீ மோந்து பாரு. என்ன வருது?"

முகர்ந்தேன். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி இருக்கு மாமா."

"அட்டைப்பெட்டியா! சமையல்காரரே, கேட்டீங்களா? அட்டைப்பெட்டியாம்." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு வாத்தியார்போல விரலை நீட்டினார். "அதுக்குப் பேரு மண்ணோட ஆழம். கொடி வேர் விட்டிருக்குல்ல, அந்த மண்ணு பேசுது. மறுபடி மோந்து பாரு."

மறுபடி முகர்ந்தேன். அட்டைப்பெட்டிதான் வந்தது. ஆனால் "ஆமா மாமா, மண்ணு மாதிரிதான் இருக்கு" என்றேன்.

அன்றிலிருந்து அதுதான் என் பள்ளிக்கூடம். விருந்தாளிக்குத் திறக்கும் நல்ல பாட்டிலில் நான் மூக்கை நுழைக்கக்கூடாது, அது மரியாதை இல்லை என்பது மாமாவின் சட்டம். ஒதுக்கப்பட்டு வந்ததில்தான் எனக்குப் பாடம். அடுப்புச் சூட்டில் வெந்த பாட்டில்கள் அல்லவா, பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. நகப்பூச்சு அழிக்கும் திரவம்போலக் குத்தினால் அது உயிர்ப்பு. வெட்டிவைத்துப் பழுப்பேறிய ஆப்பிள்போல இருந்தால் அது பக்குவம். நான் பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஒப்பித்து ஒப்பித்து, ஒருநாள் அட்டைப்பெட்டி வருவதே நின்றுபோனது. மண்ணின் ஆழம் மட்டும் வந்தது. நான் தேறிவிட்டேன் என்று உள்ளுக்குள் பூரித்தேன்.

பெரிய ஹோட்டலில் வைன் பரிமாற ஒரு பெண் வேண்டும் என்ற செய்தியைச் சரக்குக் கம்பெனி ஆள்தான் சொன்னான். தங்குவதற்கு அறை உண்டாம். அறைக்குச் சாவி உண்டாம். அந்தச் சாவியை அவன் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னான், எனக்கு மட்டும் மற்ற எதுவும் காதில் விழவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் சாத்தியதாக இருக்கும். நான் திறந்தால்தான் திறக்கும். அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒரு பாட்டிலையும் விடவில்லை. மேசைகள் ஓய்ந்த பிற்பகல்களில் உட்கார்ந்து முகர்ந்தேன், துப்பினேன், ஒப்பித்தேன்.

அக்காவுக்கு நான் போவது பிடிக்கவில்லை. மாமாவுக்கு ஒரே பெருமை. "போ, போயி நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொல்லு. வாயைப் பொளந்துட்டு நிப்பாங்க" என்றார்.

நின்றார்கள்.

ஹோட்டலின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத ஓர் அறை. வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேசை. அங்கே வைன் பிரிவுக்குத் தலைவி ஒரு நரைத்த பெண்மணி, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவருக்கு உதவியாளர்கள், முதலில் சொன்னேனே, அந்த இரண்டு ஆண்களும். நான் கோப்பையைத் தண்டில் பிடித்த விதம், சுழற்றிய விதம், ஊற்றிய அளவு எதிலும் அவர் குறை சொல்லவில்லை. பிறகுதான் அந்த நான்கு கோப்பைகள் வந்தன.

முதல் கோப்பையில் ஆழமே இல்லை. இரண்டாவதில் வெறும் பழம். மூன்றாவதும் அப்படியே, யாரோ கழுவிவிட்டாற்போலச் சுத்தமாக இருந்தது. நான்காவதை மூக்கருகே கொண்டுபோனதும் எனக்கு உடம்பே சிலிர்த்தது. பழகிய முகத்தைக் கூட்டத்தில் கண்ட மாதிரி இருந்தது.

"இதுலதான் மண்ணோட ஆழம் இருக்கு" என்றேன். "மத்த மூணும் இன்னும் பக்குவப்படல. திருப்பி அனுப்பிடுவேன்."

சிரிப்பு அப்போதுதான் வந்தது. தலைவி சிரிக்கவில்லை. அந்த இருவரையும் கையசைத்து வெளியே அனுப்பிவிட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"யாருகிட்டம்மா படிச்சீங்க?"

"எங்க மாமாகிட்ட. உணவகம் வச்சிருக்கார்."

"எந்தப் பாட்டில்ல படிச்சீங்க?"

"விருந்தாளிங்க திருப்பி அனுப்பினதுல."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எல்லாமேவா?"

"எல்லாமே."

"நாலாவது கோப்பை கெட்டுப்போனதும்மா. கார்க்குல பூஞ்சை பிடிச்சா வர்ற வாசனை. வேணும்னுதான் வச்சோம், கண்டுபிடிக்கறாங்களான்னு பாக்க. மத்த மூணும் இந்த ஹோட்டல்ல நாங்க வச்சிருக்கிறதுலயே நல்லது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க மோப்பம் பிடிக்கறதுல தப்பில்ல. எது நல்லதுன்னு யாரோ உங்களுக்குத் தலைகீழா சொல்லி வச்சிருக்காங்க. வியாழக்கிழமை வரைக்கும் வேற ஆள் எடுக்கமாட்டேன். அதுக்குள்ள நல்லதா நாலு பாட்டில் குடிச்சுப் பாத்துட்டு வாங்க. வந்து, உங்களுக்கு என்ன தோணுதோ அதை மட்டும் சொல்லுங்க."

நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. பேருந்தில் பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து உட்கார்ந்தாள். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். மாமாவின் கஞ்சத்தனம் என்று நினைத்தேன். நல்ல பாட்டில் ஒன்றைத் திறக்க மனசு வராமல், ஊரார் துப்பியதை எனக்குப் போட்டு வளர்த்திருக்கிறார், அதற்கு ஆழம் என்றும் பக்குவம் என்றும் பெயர் வைத்திருக்கிறார், சமையல்காரரோடு சேர்ந்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறார் என்று நினைக்க நினைக்க எனக்குக் காது சூடானது. எங்கள் நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம். மேசைகள் அநேகமாக நிறைந்திருந்தன. மாமா வெள்ளைத் துணியோடு நடுவில் நின்றிருந்தார்.

"வந்துட்டா பாரு! என்ன சொன்னாங்க? வாயைப் பொளந்தாங்களா?"

காலையில் வந்து இறங்கிய புது வைன் பெட்டி நடையில் இருந்தது, இன்னும் அடுப்புப் பலகைக்கு ஏறவில்லை. அதைக் கிழித்து ஒரு பாட்டிலை எடுத்தேன். சமையலறையில் முந்தின நாள் யாரோ ஒதுக்கிய பாட்டில் மூடி வைத்திருந்தது, அதையும் எடுத்தேன். காசு மேசையின்மேல் இரண்டு கோப்பைகளை வைத்து இரண்டிலிருந்தும் ஊற்றினேன். அக்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

"என்னடி பண்ற? புதுப் பாட்டிலை யாரு திறக்கச் சொன்னா?"

"மாமா, இதுல எது நல்லது? குடிச்சுட்டுச் சொல்லுங்க."

"இதென்ன எனக்கே பரீட்சையா?" என்று சிரித்தார். ஆனால் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றதும் தோரணை வந்துவிட்டது. முதலாவதைக் குடித்தார். இரண்டாவதைக் குடித்தார். கண்ணை மூடினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி பரவியது. "இதுதான்" என்று ஒதுக்கப்பட்டதைத் தூக்கினார். "சந்தேகமே இல்ல. இதுலதான் மண்ணு பேசுது. அது வெறும் திராட்சைத் தண்ணி."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பொய் இல்லை. கள்ளம் துளியும் இல்லை. ஒதுக்கப்பட்ட பாட்டில்களை அவர் தினமும் சாப்பாட்டோடு ரசித்துக் குடித்துக்கொண்டிருந்ததும், சரக்குக் கம்பெனிக்கு ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுக்காததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன்னிடம் இருந்ததிலேயே சிறந்தது என்று நம்பித்தான் எனக்கும் கொடுத்திருக்கிறார். ஏமாற்றியிருந்தால் மூஞ்சிக்கு நேராக நாலு கேட்டிருப்பேன். தெரியாமல், இவ்வளவு நிச்சயமாகத் தெரியாமல், வாத்தியாராகவும் இருந்த மனுஷனை என்ன செய்வது? பேருந்தில் சேர்த்துவைத்த அத்தனை வார்த்தையும் வீணாகிப்போனது. கோபம் குறையவில்லை. இன்னும் அதிகமானது.

"நீயும் குடிச்சுப் பாரு அக்கா" என்றேன்.

"எனக்கெதுக்கு இந்தக் கருமம்."

"ஒரு வாய்."

அக்கா வைனை வாயில் வைத்தவளே அல்ல. மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒதுக்கப்பட்டதை ஒரு சொட்டுக் குடித்தாள். உடனே கைக்குட்டையில் துப்பினாள். "தூ! என்னங்க இது, நனைஞ்ச அட்டைப்பெட்டியை வேகவச்ச மாதிரி? இதையா விக்கறீங்க?"

நான்காம் மேசையிலிருந்து பல் டாக்டர் தலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் தட்டுக்குத் திரும்பிவிட்டார்.

"அதையேதான் நானும் மொத நாள் சொன்னேன் மாமா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "சிரிச்சீங்க. சமையல்காரரைக் கூப்பிட்டுச் சிரிச்சீங்க. இன்னிக்கு அங்க என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. கெட்டுப்போனதைக் கையில தூக்கி, இதுதான் உசந்ததுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

மாமா இரண்டு கோப்பைகளையும் மறுபடி முகர்ந்தார். முதன்முறையாக அவர் முகத்தில் சந்தேகம் தெரிந்தது. பார்க்கப் பரிதாபமாக இருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

அக்காதான் பேசினாள். முகத்தில் ஒரு தெளிவு. "சரி விடுடி. அந்த வேலை இல்லாட்டிப் போகுது. இங்க என்ன குறை உனக்கு? இது உன் வீடு இல்லையா?"

வேலை கிடைக்கவில்லை என்று அவள் மகிழ்ந்துவிட்டாள். அதை மறைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"என் வீடா? எந்த ரூம் என்னது அக்கா? சொல்லு. விரிப்பு அலமாரிக்கும் இஸ்திரிப் பலகைக்கும் நடுவுல இருக்கே, அதுவா? நேத்து நான் தூங்கிட்டிருக்கும்போது நீயே வந்து லைட்டைப் போட்டு நாப்கின் எண்ணிட்டுப் போன. நான் செத்துக் கிடந்தாலும் எண்ணி முடிச்சுட்டுத்தான் பாப்ப."

"ஏய், ஆளுங்க இருக்காங்க, மெதுவா பேசு."

"ஆளுங்க எப்பதான் இல்ல? நான் தூங்கற இடத்துலயே ஆளுங்க இருக்காங்க."

அக்கா பேனாவை எடுத்து மறுபடி கீழே வைத்தாள். நான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தேனே என்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது.

"வேலை இன்னும் போகல" என்றேன். "வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் இந்தப் பெட்டியிலேர்ந்து தினமும் ஒண்ணு திறப்பேன். எனக்காக. யாரும் துப்பினது வேண்டாம். யாரும் எனக்குப் பாடமும் எடுக்க வேண்டாம்."

"மொத்தப் பெட்டியையுமா?" என்றார் மாமா, ஈனஸ்வரத்தில்.

நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அடங்கிவிட்டார்.

சன்னலோரம் ஒரு மேசை காலியாக இருந்தது. புதுப் பாட்டிலையும் சுத்தமான ஒரு கோப்பையையும் எடுத்துக்கொண்டு போய், விருந்தாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. பஞ்சு வைத்த இருக்கை, துடைத்தது எல்லாம் நான்தான். கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினேன். குடித்தேன்.

பிடிக்கவில்லை.

இதுதான் நல்லது என்று இப்போது எனக்குத் தெரியும். அந்தத் தலைவி சொல்லிவிட்டார், அக்காவின் நாக்கும் சாட்சி சொல்லிவிட்டது. இருந்தும் என் வாய்க்கு அது வெறுமையாக, ஏதோ குறைவதாக இருந்தது. ஒதுக்கப்பட்ட அந்தப் பாட்டிலைத்தான் நாக்கு தேடியது. இதைவிடக் கேவலம் உண்டா? கோப்பையை வீசி எறியலாம்போல இருந்தது. மாமாவின்மேல் வந்த கோபம், சிரித்தவன்மேல் வந்த கோபம் எல்லாம் ஒன்றுமே இல்லை. முதல் நாள் அட்டைப்பெட்டி என்று சரியாகச் சொன்ன என் மூக்கை, ஆமா மாமா என்று ஒரு வார்த்தையில் அடகு வைத்தேனே, அந்த என்மேலேயே வந்த கோபத்தில் எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

இன்னொரு வாய் குடித்தேன். அதுவும் பிடிக்கவில்லை. விழுங்கியபின் நாக்கின் இரண்டு ஓரங்களிலும் லேசாகப் புளிப்பு ஓடி, வாயில் நீர் ஊறியது. அதை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லாமல், ஊறியது என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

மாமா பக்கத்தில் வந்து நின்றார். தோளில் வெள்ளைத் துணி. பின்னால் மூன்று மேசைகளிலிருந்து கைகள் உயர்ந்திருந்தன. சமையலறை மணி விடாமல் அடித்தது.

"ஆறாம் மேசையில ரொம்ப நேரமா கூப்பிடறாங்கம்மா" என்றார் மெதுவாக. "சூப்பு வேற ஆறுது."

"நீங்க போங்க மாமா" என்றேன். "நான் படிச்சிட்டிருக்கேன்."

அவர் துணியை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, தட்டுகளை எடுக்கப் போனார். இரண்டு தட்டுக்குமேல் அவருக்குத் தூக்கத் தெரியவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. கோப்பையில் மறுபடி ஊற்றினேன்.